சிபாரிசு தேவையில்லை என்று ஒரு கடிதம்

மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். இன்று காலை அதற்கான காகிதங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எந்தக் காகிதமாக இருந்தாலும் மூன்று நகல் எடுத்து வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். பள்ளியில் கேட்காத தடுப்பூசி அட்டைக்கும் மூன்று நகல் இருக்கிறது. கேட்டுவிட்டால்?

நீலப் பிளாஸ்டிக் பையின் அடியில் கைவிட்டபோது முத்திரை மையின் வாசனை வந்தது. அந்த வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். விரலில் பட்டால் சோறு தின்னும்போதும் கூடவே வரும். வெளியே வந்தது ஒரு கடிதம். கீழே பச்சை மையில் கையெழுத்து, பக்கத்தில் வட்ட முத்திரை. நடுவில் இரண்டே வரி: "எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த ................ அவர்களுக்குச் சிபாரிசு எதுவும் தேவையில்லை. விதிப்படி செய்து தரவும்." பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தது.

என் கணவர் வாங்கிப் படித்தார். "தேவையில்லன்னு சொல்றதுக்கு எதுக்குடி ஒரு லெட்டரு?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த இரண்டு வரியைத் தட்டச்சு செய்தவளே நான்.

இண்டூருக்கு அப்பால் இருக்கிற எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அப்போது எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. தலைவராக ஜெயித்து வந்திருந்தவர் மாதேஸ்வரி அக்கா. பெங்களூரில் ஆயத்த ஆடைக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். பேசும்போது நடுநடுவே கன்னடம் வந்து விழும். கோபம் வந்தால் முழுக்கக் கன்னடம்தான். வந்த முதல் நாளே சுவரில் ஒரு பலகை மாட்டினார்: "இங்கே சிபாரிசுக் கடிதம் தரப்படாது."

அதற்கு முன்பெல்லாம் எந்தச் சான்றிதழுக்குப் போனாலும் தலைவரின் கடிதம் வேண்டும். சட்டத்தில் இல்லை, ஆனாலும் கேட்பார்கள். யார் கேட்டார்கள், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். நாளைக்கும் நான் அங்கே போய் நிற்க வேண்டியவள்.

பலகையைப் பார்த்து ஊரே பாராட்டியது. பாராட்டிவிட்டு ஒவ்வொருவராகக் குனிந்து, தங்களுக்கு மட்டும் ஒரு கடிதம் கேட்டார்கள்.

மெத்தை தைக்கும் அன்வர் பாய் வந்தது நினைவிருக்கிறது. அவருக்கு வாரிசுச் சான்று வேண்டும். சட்டையெல்லாம் இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எம்மேல என்னங்க கோவம்? ஓட்டு உங்களுக்குத்தானே போட்டேன்?"

"கோவமெல்லாம் இல்லீங்க பாய். உங்களுக்கு வரவேண்டியது தானா வரும். நடுவுல நான் எதுக்குங்க?"

"நடுவுல நீங்க நிக்கலன்னா வேற யாரு நிப்பாங்கன்னு தெரியலையேங்க!"

சான்று தரும் அலுவலகத்துக்கு நான்கு முறை போனார். நான்கு முறையும் கடிதம் இல்லாமல் மனுவை வாங்க மாட்டேன் என்று அங்கிருந்த குமாஸ்தா திருப்பி அனுப்பினார். கடைசியில், "உங்க தலைவரு குடுக்க மாட்டாங்கன்னா, அதையே எழுதி வாங்கிட்டு வாங்க" என்றாராம். அக்காவுக்கு வந்த கோபத்தில் எனக்குப் புரிந்த கன்னடம் பாதிதான். "அடி பாப்பா! இவருக்குச் சிபாரிசு எதுவும் தேவையில்லன்னு" என்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கையெழுத்துப் போட்டு, முத்திரையை மேசை அதிரக் குத்தினார்.

பாய்க்கு மறுநாளே சான்று வந்துவிட்டது.

அதற்கடுத்த நாள் வாசலில் பதினோரு பேர். அந்தப் பலகைக்கு நேர் கீழேதான் வரிசை. "பாய்க்குக் குடுத்தீங்களே, அந்த லெட்டரு." மறுத்தால் பாரபட்சம். கொடுத்தால் பலகை பொய். ஒருவர், "எனக்கு மட்டும் 'கண்டிப்பாகத் தேவையில்லை'ன்னு போட்டுக் குடுங்க, கொஞ்சம் வெயிட்டா இருக்கும்" என்றார். நான் வேறு, ஒவ்வொன்றாக அடிப்பானேன் என்று பெயருக்கு மட்டும் இடம் விட்டு அழகாக ஒரு படிவமே செய்து வைத்தேன். அதற்காக அக்காவிடம் பாராட்டுக்கூட எதிர்பார்த்தேன். கை வலிக்கிறதென்று அவர் வெற்றுப் படிவங்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிற நிலைக்கு வந்துவிட்டோம்.

ஆனால் அக்கா விட்டுவிடவில்லை. திங்கட்கிழமைதோறும் பஸ் ஏறி தருமபுரியில் இருக்கிற அந்த அலுவலகத்துக்குப் போவார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். எனக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். ஒருநாள் அங்கிருந்த அதிகாரியிடம், "தேவையில்லன்னு நான் எழுதறேன். அதையே தேவைன்னு நீங்க கேக்கறீங்க. நம்ம ரெண்டு பேருல யாருக்குங்க சார் கிறுக்கு?" என்று கேட்டார். நான் பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அதிகாரியோ சிரித்துவிட்டார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு, இனி எந்தத் தலைவரின் கடிதமும் கேட்கக் கூடாது என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் அக்கா வாங்கிக் கொடுத்த மிளகாய் பஜ்ஜியின் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

"மிச்சம் இருக்கற ஃபாரத்தையெல்லாம் கிழிச்சிரு" என்றார். பத்து இருந்தன. எட்டைக் கிழித்தேன்.

அப்புறம் சில மாதங்கள், சொன்னால் நம்ப மாட்டீர்கள், யாரும் கடிதம் கேட்கவில்லை. வெறுங்கையோடு போனவர்களுக்கு வேலை முடிந்தது. சிலருக்கு அது பெரிய ஏமாற்றம். "அவ்ளோதானுங்களா?" என்று சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

மகள் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழில் அவள் அப்பா பெயர் தப்பாக இருந்தது. திருத்தித் தர வேண்டியதும் அதே அலுவலகம்தான். முதல் நாள் இரவெல்லாம் யோசனை. கேட்க மாட்டார்கள் என்று ஊரிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டால்? மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? இவள் படிப்பு, இவள் எதிர்காலம், இவள் கல்யாணம் வரைக்கும் போய்விட்டது மனசு.

ஜன்னலில் குமாஸ்தா கையை நீட்டும் முன்பே, கிழிக்காமல் வைத்திருந்த இரண்டில் ஒரு கடிதத்தை எடுத்து வைத்தேன்.

"இது எதுக்கும்மா? இப்பத்தான் கேக்கறதில்லையே."

"பரவால்லீங்க சார். இருக்கட்டும்."

கடிதத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு, எல்லாக் காகிதத்துக்கும் மேலே அதை வைத்துப் பின் அடித்தார்.

பின்னால் நின்ற பெண் என் தோளைத் தட்டினாள். "அக்கா, அது என்னா பேப்பரு? எங்க குடுக்கறாங்க?"

"அது தேவையில்லீங்க."

"தேவையில்லன்னா நீ எதுக்குக் குடுத்த?"

நான் ரசீதை வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் பலகைக்குக் கீழே மறுபடியும் வரிசை. அக்கா குமாஸ்தாவுக்குப் போன் போட்டார். அவர் குரல் எனக்கே கேட்டது: "உங்க ஊருலருந்துதாங்க வந்துச்சு. ஒருத்தருகிட்ட வாங்கிட்டு, இன்னொருத்தருகிட்ட வாங்கலன்னா கேள்வி வருமுங்களே!"

அக்கா போனை வைத்தார். "யாரோ ஒருத்தி குடுத்திருக்காளாம்."

"யாருங்கக்கா?" என்று கேட்டேன். கேட்டேன் பாருங்கள், அதுதான் நான்.

என்னையே பார்த்தார். கன்னடம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். "யாரோ. பாவம், கைக்குழந்தக்காரி. பயந்திருப்பா" என்றார். நாற்காலியில் ஏறி அந்தப் பலகையைக் கழற்றி, பீரோவுக்குப் பின்னால் சொருகினார். "மிஷின போடு பாப்பா. எத்தன பேரு நிக்கறாங்க?"

பதவிக்காலம் முடியும்வரை அடித்துக்கொண்டே இருந்தோம். கடிதத்தில் மாதம்தோறும் ஒரு வரி கூடியது. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் எங்கள் படிவத்தையே வாங்கிப்போய், அச்சகத்தில் கொடுத்து நிறையவே அடித்து வைத்துக்கொண்டார்கள்.

நல்லவர்கள் வந்தும் ஏன் எதுவும் மாறவில்லை என்று டிவியில் பெரியவர்கள் விவாதிக்கிறபோது, என் கணவர் சத்தத்தைக் கூட்டுவார். நான் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விடுவேன்.

அக்கா மறுபடி பெங்களூர் போய்விட்டார். ஊராட்சிக்கு இப்போது தலைவர் இல்லை. தனி அலுவலர் எப்போதாவது வந்து போகிறார்.

"பேரு எழுதற எடம் காலியாத்தானே இருக்கு. பாப்பா பேர எழுதி வையேன்" என்றார் கணவர், சிரிக்காமல்.

"கையெழுத்துப் போட்டவங்களே இப்ப பதவியில இல்லீங்க."

"இருக்கட்டுமே."

அவர் குளிக்கப் போனதும் எழுதினேன். பென்சிலால்தான். மூன்று நகல்களுக்கும் அடியில், யார் கண்ணிலும் படாதபடி வைத்திருக்கிறேன். "அடச்சீ, அத அழி!" என்று ஒரு குரல் அதட்டினால் இப்போதே அழித்துவிடுவேன். அப்படி அதட்ட அக்கா இருந்த அறை பூட்டிக் கிடக்கிறது.