மே மாதத்து வாளை மீன்கள்

கடலே இல்லாத டெல்லிக்கு வந்து கடல் மீனைப் பற்றிப் படிக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நான் வாய்விட்டே சிரித்தேன். 2001-இல் முனிர்காவில் என் அறையைப் பங்கு போட்டுக்கொள்ள வந்த அம்சவேணி கோபித்துக்கொள்ளவில்லை. "கடலு ஊர்ல கெடக்கு. மெஷினு இங்கல்லா இருக்கு" என்றாள்.

அவள் தூத்துக்குடிக்காரி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவி. நான் சுஜாதா, தர்மபுரி, ஐ.ஏ.எஸ். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒரே ஃப்ரிட்ஜ். சனிக்கிழமை சாம்பிள் வந்தால் லேப் பூட்டியிருக்கும். திங்கள்வரை என் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், ஆல்கஹாலில் மிதக்கிற மீன் துடுப்புத் துண்டுகள், நாற்பது குழாய்களில். "இது வீடா, பிணவறையா?" என்று கத்தியிருக்கிறேன். அவள் ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் காட்டி விளக்கத் தொடங்குவாள். பாழாய்ப்போன ஆர்வம், நானும் கேட்டுக்கொண்டே நிற்பேன்.

அவளுடைய கேள்வி இதுதான். வாளை மீன் இருக்கிறதே, வெள்ளி பெல்ட் மாதிரி நீளமாக, அது கிழக்குக் கடலிலும் பிடிபடுகிறது, மேற்குக் கடலிலும் பிடிபடுகிறது. இரண்டும் ஒரே கூட்டமா, கன்னியாகுமரியைச் சுற்றிப் போய்க் கலந்துகொள்கிறதா, அல்லது பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு குடும்பங்களா? மீனைக் கேட்டால் சொல்லுமா? துடுப்புத் துண்டிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்தால் சொல்லும் என்றாள். கொச்சி, மங்களூர், வேராவல் மீன்களை அவளே போய் எடுத்து வந்தாள். தூத்துக்குடி மீனுக்கு அக்கா புருஷன் கருப்பசாமி. விசைப்படகில் டிரைவர். துண்டு வெட்டி, குழாயில் போட்டு, ஊரும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டி, டெல்லிக்கு ரயிலேறும் எந்தப் பட்டாளத்துக்காரரிடமாவது கொடுத்தனுப்புவார்.

2003 நவம்பரில் ஒரு நாள் அம்சா மாடிப்படியில் கத்திக்கொண்டே ஏறி வந்தாள். "ஏட்டி சுஜா! ரெண்டு கடலு மீனும் கலக்குதுட்டி!" கடைசியாக வந்த தூத்துக்குடி மீன் நாற்பதில் முப்பத்தெட்டு மேற்குக் கடல் சாதி. அதுவரை யாரும் காட்டாத விஷயம். அவளுடைய பேராசிரியர் ராஜாராமன் கருத்தரங்கில் பெருமையாக அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமை கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போக வேண்டும். உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது. அதற்குள் பட்டம் கையில். அன்று கடையிலிருந்து ரசமலாய் வாங்கி வந்தோம்.

செவ்வாய்க்கிழமை நான் கட்டிலில் உட்கார்ந்து உரக்க மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். "கிழக்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் பதினைந்து முதல் மே இருபத்தொன்பது. மேற்கே ஜூன் நடுவிலிருந்து." ஒப்பிக்கிற வேகத்தில் அவள் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. எழுந்து போய்த் தன் நோட்டைப் புரட்டினாள். அந்த நாற்பது மீனின் தேதி, மே ஒன்பது.

"போட்டெல்லாம் கட்டிக் கெடக்கும்போது அத்தான் எந்தக் கடல்ல மீன் எடுத்தாவ?"

அவள் ஊரைவிட்டு வந்தது தொண்ணூற்றொன்பதில். தடைக்காலம் வந்தது அதற்கப்புறம். தெரியாமலில்லை, ஆனால் மே மாதத்தில் அவள் ஊரில் இருந்ததே இல்லை. மீனவர் வீட்டுப் பெண் கடல் காலண்டரைக் கோட்டை விட்டுவிட்டாள்.

நான் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. "யாருக்குடி தெரியப்போகுது? பேசாம அனுப்பித் தொலை. நாலு வருஷம் உழைச்சிருக்க."

அவள் எரிந்து விழுந்தாள். "கிழக்கயும் மேக்கயும் ஒரே மீனுன்னு நான் எழுதுனா, ரெண்டு பக்கமும் ஒரே மாசம் தடை போடுவானுவ. எங்க மீன் முட்ட போடுத மாசம் வேற. தப்பான மாசத்துல அத்தான் போட்டு கட்டிக் கெடக்கணுமா? அவிய பிள்ளைய பட்டினி கெடக்கணுமா?"

மறுநாள் காலையே பேராசிரியரிடம் போனாள். அவர், "சந்தேகம்னு மட்டும் சொன்னா நான் எப்படிம்மா வாபஸ் வாங்கறது? அது எந்த ஊர் மீன்னு நிரூபிச்சுக் காட்டு" என்றாராம்.

அன்று மாலை எஸ்.டி.டி. பூத்துக்குப் போகும் வழியில் அவள் ஒரு தாளில் ஏதோ எழுதி, மடித்து, என் கையில் திணித்தாள். அவளே மேற்குக் கரையில் எடுத்த மீன்களோடு ஒப்பிட்டால், டி.என்.ஏ.படி அது எந்த ஊர் மீன் என்று. "அத்தான் சொன்னப்புறம் பிரி. நான் மாத்திச் சொல்லிரக்கூடாது பாரு." அந்த ஊர் பொருந்தாவிட்டால் மே மாதச் சாம்பிள் மட்டுமா, அவளுடைய நாலு வருஷக் கணிப்பு மொத்தமும் அம்போ.

கருப்பசாமி அத்தான் லைனில் வந்தார். அவர் குரல் வெளியில் நின்ற எனக்கே கேட்டது. "தடையில போட்டு ஏது அம்சா? நீ ஆசயா கேட்டிருக்க, இல்லன்னு சொல்ல மனசு வரல. ஏலக்கடையில ஐஸ் பெட்டி மீனு வாங்கி அனுப்புனேன். நல்ல மீனுதான?"

"நல்ல மீனுதான் அத்தான். பெட்டி எங்கருந்து வந்துச்சு?"

தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். அரை மணி நேரம். பூத்காரர் எங்களை முறைத்தார். மறுபடி போட்டோம். "கம்பெனி லாரி அம்சா. குஜராத்து சரக்காம். வேராவலுங்கான்."

நான் தாளைப் பிரித்தேன். வேராவல்.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு செத்துப்போனது. இன்னும் ஒரு வருஷம், உதவித்தொகை இல்லாமல், ஜனக்புரியில் டியூஷன் எடுத்துக்கொண்டு. ரிசீவர் அவள் மடியில் கிடந்து பேசிக்கொண்டே இருந்தது. "அம்சா? நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா?"

அவள் எடுத்துக் காதில் வைத்தாள்.

"இல்ல அத்தான். ரெண்டாயிரம் கிலோமீட்டரு தாண்டி ஐஸ்ல வந்த மீனு, எந்தக் கடல்ல பொறந்துச்சுன்னு எனக்குச் சரியாச் சொல்லிட்டு. நாந்தான் அத நம்பாம குழாயில ஒட்டுன சீட்ட நம்பிட்டேன்."