சாமி குடித்த போத்தல்

என் அண்ணன் குடியை விட்டுப் பல வருஷமாகியிருந்தது. அண்ணி பிரிந்து போன வேதனையில், எங்கள் தோட்டத்து முனியாண்டி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணி விட்டவர். சபாக் பக்கம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். கோயில் பூசாரியும் அவர்தான். வருஷத்தில் ஒரே ஒரு நாள், பூசையன்று சாமி வந்து ஆடும்போது, படையலில் இருக்கும் போத்தல் அவர் வாயில் கவிழும். அதை நாங்கள் யாரும் குடி என்று சொன்னதில்லை. குடித்தது சாமி.

அந்தப் போத்தலை வாங்கித் தருவது என் நேர்த்திக்கடன்.

கடல் சரக்கு வரத் தொடங்கிய பிறகு எங்கள் வட்டாரமே மாறிப்போயிற்று. வரி கட்டாத சாராயம் படகில் வந்து இறங்கும். மீன் பெட்டிக்கு அடியில் ஒளித்து, வேனில் தோட்டம் தோட்டமாக வரும். இந்தப் பிழைப்பு சுலபமாக இருந்ததால் மீன் பிடித்தவர்களில் பாதிப் பேர் வலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். என் மளிகைக் கடைக்குச் சம்பள நாளில் வருகிறவர்கள் கடையைத் தாண்டி வேனுக்குப் போனார்கள். அவர்கள் பெண்டாட்டிகள் பால்மாவைச் சின்னப் பாக்கெட்டாகக் கேட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேன்காரனை என் வாசலில் நிற்க விட்டதில்லை.

டவுனில் லைசன்ஸ் வைத்து விற்ற சீனர் கடையும் ஈ ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஒரு சாராயக் கடை ஒழிந்ததே என்று சந்தோஷம்தான் பட்டேன். சாமிக்குப் போத்தல் அங்கேதான் வாங்குகிறேன் என்பது பூசைக்கு முதல் நாள்தான் உறைத்தது.

கோலசிலாங்கூர் வரை போயிருக்கலாம். அன்று பார்த்து மழை. கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேன் எதிரிலேயே நின்றது. லேபிளும் மூடியும் அச்சு அசலாக இருந்தன. வாங்கினேன், மஞ்சள் துணி சுற்றிக் கோயிலுக்குக் கொடுத்தேன். அதற்கப்புறம் யாரையும் திட்ட எனக்கு வாயில்லை.

பூசைக்கு மறுநாள் அண்ணன் வாந்தி எடுத்தார்.

"கண்ணு முன்னால புகை அடிச்சாப்ல இருக்கு தங்கச்சி."

சாமி ஆடிய அசதி என்று நினைத்து இளநீர் கொடுத்தோம், விபூதி பூசினோம். மூச்சு வாங்கத் தொடங்கியதும்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்தது ஒரு தமிழ் டாக்டர், சின்னப் பெண்.

"அங்கிள் குடிப்பாங்களா?"

"ஐயோ, அண்ணன் சொட்டுகூட தொடமாட்டாரு டாக்டர். கோயில் பூசாரி லா."

பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் போத்தல் என் நினைவில் இல்லவே இல்லை. அவர்கள் வேறு வேறு வியாதிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் அதே கண் புகைச்சலோடு வந்து, வேன் சரக்கு குடித்ததைச் சொன்னார். டாக்டர் என்னிடம் ஓடி வந்தாள்.

"சாமி குடிச்சிச்சு" என்றேன்.

உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண் போய்விட்டது. "நேத்தே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்த அந்தப் பெண், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அண்ணன் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார். சரக்கில் விஷம் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை. சாமிக்கு வைத்ததில் விஷம் எப்படி இருக்கும் என்பார். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"உங்கிட்டதான் சொல்றேன். அன்னிக்கு சாமி மலையேறின பிறகும் ஒரு வாய் குடிச்சேன். நானாத்தான் குடிச்சேன், ஆசையில. சத்தியத்த மீறிட்டேன்ல, அதான் கண்ண எடுத்துக்கிச்சு."

அந்தப் போத்தல் நான் வேனில் வாங்கியது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. மீனில் முள்ளை எடுத்துவிட்டு அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் முனியாண்டி முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறார். கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறவள் நான்தான்.