வெயில் கேட்டு வந்த விருந்தாளி

துர்கானா மேய்ச்சல் நாட்டில், தங்க இடம் கேட்டு வந்தவனைப் போ என்று யாரும் சொல்வதில்லை. அவனுடைய ஆடுமாடுகள் புல்லைத் தின்று தீர்த்ததும் தானாகக் கிளம்பிவிடுவான். தரை ஒருவருக்கும் சொந்தமில்லை. ஆற்றுமணலில் தோண்டிய ஊற்று மட்டும் தோண்டினவருக்குச் சொந்தம். அசேகோனுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அவளும் செத்துப்போன புருஷனும் சேர்ந்து தோண்டிய ஊற்று ஒன்று ஆற்று வளைவில் இருந்தது. அவளும் ஆடுகளும் உயிரோடு இருந்தது அதனால்தான்.

கம்பெனி ஆட்கள் முதலில் அவளிடம்தான் தண்ணீர் கேட்டார்கள். வயிறு நிறையக் குடித்தார்கள். அவள் கொழுந்தன் லோகோரியோ கொஞ்சம் படித்தவன்; அவர்கள் பேச்சை அவன்தான் எடுத்துச் சொன்னான்.

“வெயிலைப் பிடிச்சு மின்சாரம் பண்ணப் போறாங்களாம் அண்ணி. இங்க தங்கிக்கலாமான்னு கேக்குறாங்க.”

“வெயிலா? அள்ளிக்கிட்டுப் போகட்டும். மிச்சமே நமக்கு அதிகம்தான்.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“எப்பக் கிளம்புவாங்க?”

“வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவாங்க,” என்றான் லோகோரியோ. காவல் வேலை தருவதாக அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

அசேகோன் தன் வெள்ளைக்காது ஆட்டைக் கொடுத்தாள். பெரியவர்கள் அதை அறுத்து, குடலிலிருந்த அரைபட்ட புல்லை வந்தவர்களின் மார்பில் பூசி ஆசீர்வதித்தார்கள். கம்பெனி ஆட்கள் நீட்டிய தாளில் அவளும் விரலை வைத்தாள்.

மழைக்குப் பிறகு கம்பிவேலி வந்தது. கம்பெனி தங்கிய மேட்டைச் சுற்றிய வேலி ஆற்று வளைவையும் சேர்த்து வளைத்துக்கொண்டது. உள்ளே கண்ணாடிப் பலகைகள் வரிசையாக வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தன.

“அசேகோன், உன் விருந்தாளி எப்பக் கிளம்புறாராம்?” என்று வழியில் கண்டவர்களெல்லாம் கேட்டார்கள். கோடை ஏறியதும் அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லாமல் போயிற்று.

அவள் குடத்தோடு கதவருகே போய் நின்றாள். உள்ளே லோகோரியோ, சீருடையில்.

“ஒரே ஒரு குடம்பா. மொண்டுக்கிட்டு வந்துடுறேன்.”

“உள்ள விட்டா என் வேலை போயிடும் அண்ணி.”

“உங்க அம்மா போனப்புறம் அந்தத் தண்ணியிலதான் உன்னை வளர்த்தேன்.”

“வளர்த்தே. இப்ப அதுக்கு என்ன செய்யணும்ங்கிற? ஊத்தையே மூடியாச்சு. யாராவது விழுந்துடுவாங்கன்னு கம்பெனி துரை மண்ணைப் போட்டுட்டாரு.”

அவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள்.

வாரம் ஒருமுறை லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பலகைகளின் தூசியைக் கழுவினார்கள். வாசனை பிடித்த ஆடுகள் கம்பியில் மூக்கைத் திணித்துக்கொண்டு நின்றன. அசேகோன் தன் துணியை ஒரு குச்சியில் கட்டி வேலிக்கடியில் விட்டு, வழிந்த ஈரத்தைத் தோய்த்துக் குட்டிகளின் வாயில் பிழிந்தாள். இரண்டாம் முறை விட்டபோது லோகோரியோவின் பூட்ஸ் துணியை மிதித்தது. துரை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே அகுஜ் கடவுளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். காலை எடுக்கும்படி இருவருமே சொல்லவில்லை.

ஆடுகள் வேலியோரமாகவே விழுந்தன. நாற்றம் தாங்காமல் துரை ஆள் அனுப்பினார்.

“நீயே இழுத்துப் போட்டுடு அண்ணி. இல்லேன்னா என்னைத்தான் திட்டுவாங்க.”

அவள் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்து அப்பால் போட்டாள். பிறகு பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“எங்க போற?”

“புல்லு தீர்ந்துபோச்சு. விருந்தாளி கிளம்பத்தானே வேணும்?”

அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தண்ணீர் லாரி வந்து ஒலி எழுப்பியது. கதவைத் திறக்க ஓடினான்.