சாபிராவின் மேற்கோள் குறி

பழைய வண்ணாரப்பேட்டையில் நைட்டி தைத்துக்கொடுக்கும் சாபிரா, முப்பத்தொன்பதாவது வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத முடிவுசெய்தாள். மகள் ஆஃபியா கல்லூரிக்குப் போனபின் பகலில் பொழுது போகவில்லை என்று எல்லோரிடமும் காரணம் சொன்னாள். கணவன் மொஹ்சின் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவன். ஒன்பதாவதில் படிப்பு வேண்டாமென்று நின்றவளுக்கு இப்போது என்ன ஆசை என்று கேலி செய்தவன், பேனாக்களும் வாங்கிவந்து கொடுத்தான்.

தண்டையார்பேட்டையில் ஞாயிறுதோறும் வகுப்பு. தமிழ் நடத்திய ஜெனிக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான். கணக்கில் தேறிவந்த சாபிரா கட்டுரையில் தடுமாறினாள். காற்புள்ளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. பக்கம் முடிந்தால்தான் வாக்கியமும் முடியும்.

‘என் பள்ளி நாள்கள்’ கட்டுரையில், படிப்பை நிறுத்தப் பள்ளிக்குக் கொடுத்த கடிதத்தைப் பற்றிய ஒரு வரியை ஜெனி கோடிட்டாள்.

எனக்குப் படிக்க விருப்பமில்லை நின்றுகொள்கிறேன் அத்தா எழுதினார் நான் கையெழுத்துப் போட்டேன்

இதில் எது சாபிராவின் வார்த்தை, எது அவள் அப்பாவின் வார்த்தை என்று படிப்பவருக்குத் தெரியாது, ஒருவர் சொன்னதை அப்படியே எழுதினால் மேற்கோள் குறிக்குள் வைக்க வேண்டும் என்றாள். சாபிரா மற்ற இடங்களையெல்லாம் திருத்திவிட்டுக் கடைசியில்தான் அந்த வரிக்கு வந்தாள்.

“எனக்குப் படிக்க விருப்பமில்லை, நின்றுகொள்கிறேன்” என்று அத்தா எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட வந்த மொஹ்சின், மெஷின் மேல் கிடந்த அந்தத் தாளை எடுத்துப் படித்தான். அந்த வரியை மறுபடி படித்தான்.

“அப்போ வோணாம்னு நீ சொல்லலியா, சாபி?”

“இல்லீங்க. அம்மா மௌத்தான வருசம் அது. தங்கச்சிங்கள பாத்துக்க ஆள் இல்ல. அத்தா மேல கோவம் இல்ல. ஆனா அது நான் சொன்னது இல்ல.”

“இத்தினி வருசமா எல்லார் கைலயும் நீதான் வோணான்னுட்டன்னு சொல்லிகினு கீறேன்.”

அவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவன் வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தான்.

அடுத்த ஞாயிறு எண்ணூர் லோடு வேண்டாமென்று சொல்லிவிட்டு, பைக்கில் அவளை வகுப்புக்குக் கூட்டிப்போனான். முடியும்வரை எதிரிலிருந்த டீக்கடையில் காத்திருந்தான். இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று தன் அண்ணன் மஜீது கேட்டபோது, அவளாக விடவில்லை, விடவைத்தார்கள் என்று இவனே பதில் சொன்னான்.

தமிழில் எழுபத்தொரு மதிப்பெண் வந்தது. அறிவியல் மட்டும் போய்விட்டது. அதை மறுபடி எழுத விண்ணப்பிக்கப் போனபோது, வரிசையில் அவள் பைல்களைப் பிடித்துக்கொண்டு மொஹ்சினும் நின்றான்.