மாங்குளத்தில ஏறி வவுனியாவில இறங்கின பதினொரு படங்கள்

உள்ளங்கைக்குள்ள போன் சுட்ட அந்தச் சூடு இப்பவும் ஞாபகம் இருக்கு... புளூடூத்தில கனநேரம் படம் வாங்கினா அப்பிடித்தான் சுடும். பழைய பட்டன் போன். மாமியின்ர மகன் பாவிச்சிட்டு எனக்குத் தந்தது.

சண்டை முடிஞ்சு மூண்டு நாலு வருசம் இருக்கும். நான் ஏ.எல். சோதினை எழுதிப்போட்டு துணுக்காயில வீட்டில நிண்ட நேரம்.

எங்கட வீட்டில ஒரு பழைய படம்கூட இல்லை. இடம்பெயர்ந்து ஓடினதில அல்பம் எல்லாம் எங்கேயோ போயிட்டுது. அம்மா அப்பான்ர கலியாணப் படத்தை நான் கண்டதே இல்லை.

ஒருநாள் காலமை சுகந்தி அக்கா போன் எடுத்தவா. பெரியம்மாவின்ர மகள், ஜேர்மனியில இருக்கிறவா. திருவிழாவுக்கெண்டு பிள்ளையளோட யாழ்ப்பாணம் வந்து நிண்டவா.

"சின்னம்மான்ர கலியாண அல்பம் எங்கட அம்மாட்ட ஒண்டு இருந்ததடி! பதினொரு படம். ஸ்கான் பண்ணி என்ர டப்லெட்டில வச்சிருக்கிறன். இண்டைக்குத்தான் திரும்பிப் போறம். மாங்குளத்தில தேத்தண்ணிக்கு வான் நிக்கும். போனோட வாங்கோ..."

ஈமெயில்ல அனுப்பட்டோ எண்டும் கேட்டவா. எங்கட வீட்டில ஆரிட்ட ஈமெயில் இருந்தது!

அப்பா வயலுக்குப் போயிட்டார். அம்மா கறியைப் பாதியில இறக்கிப்போட்டு சீலை மாத்தினா. ரெண்டு பேரும் பஸ் ஏறி மாங்குளம் சந்தியில இறங்கேக்க வான் வர இன்னும் முக்கால் மணித்தியாலம். அம்மா ஒரு இடத்தில இருக்கேல்ல. வாற ஒவ்வொரு வெள்ளை வானையும் எட்டி எட்டிப் பார்த்தா.

வான் வந்தது. அக்கா இறங்கி அம்மாவைக் கட்டிப்பிடிச்சவா. வானோட்டி வந்த அண்ணை, "பத்து நிமிசம்தான். கொழும்புக்கு நேரத்துக்குப் போகோணும்" எண்டார்.

அக்கான்ர டப் என்ர போனைக் கண்டுபிடிக்கவே மாட்டன் எண்டுது. நான் புளூடூத்தை ஓஃப் பண்ணி ஓன் பண்ணி, திரும்ப ஓஃப் பண்ணி... ஒரு வழியா கண்டுபிடிச்சுது. முதல் படம் வெளிக்கிட்டுது. பத்து வீதம்... பதினொண்டு...

ஒரு படத்துக்கு மூண்டு நிமிசம்! அக்கா அவ்வளவு பெரிசா ஸ்கான் பண்ணி வச்சிருக்கிறா.

ரெண்டாவது படத்தோட 'மெமரி ஃபுல்' எண்டு வந்தது. பாட்டெல்லாம் அழிச்சன். காணாது. பள்ளிக்கூடம் விட்ட கடைசி நாள் நாங்கள் எடுத்த வீடியோக்கள் இருந்தது. கை ஒருக்கா நிண்டது. அம்மான்ர முகத்தைப் பார்த்திட்டு அதையும் அழிச்சன்.

மூண்டாவது படம் பாதியில நிக்கேக்க வான் ஸ்ரார்ட் ஆயிட்டுது.

"சின்னம்மா, மிச்சத்தைப் பிறகு எப்பிடியும் அனுப்பிறன்" எண்டு அக்கா சொன்னவா.

எங்கட அம்மா கடையில சாமான் கேக்கவே கூச்சப்படுற ஆள். ஆனா அவா நேர வானுக்குள்ள ஏறி அக்காவுக்குப் பக்கத்தில இருந்திட்டா. நானும் பின்னால ஏறினன்.

"தம்பி, நீங்க வானை எடுங்கோ. நாங்கள் கனகராயன்குளத்தில இறங்கிறம்" எண்டு வான் ஓடின அண்ணையிட்டச் சொன்னா.

கனகராயன்குளம் வந்தது. போகப்போகப் படங்கள் இன்னும் பெரிசு, நாலுதான் வந்திருந்தது. "புளியங்குளத்தில இறங்கிறம் தம்பி" எண்டா. அங்கயும் இறங்கேல்ல.

ஒவ்வொரு படமும் வந்து முடியேக்க 'டிங்' எண்டு ஒரு சத்தம். அக்கான்ர ரெண்டு பிள்ளையளும் பின் சீற்றில இருந்து டொச் பாசையில எண்ணி எண்ணிக் கத்துதுகள். அவசரப்பட்ட அண்ணையும் கண்ணாடியைப் பார்த்து, "இப்ப எத்தினையாவது?" எண்டு கேக்கத் தொடங்கிட்டார்.

எட்டாவது படம் எண்பது வீதத்தில நிக்கேக்க அப்பா கோல் எடுத்தார். படம் கட்டாயிட்டுது!

"எங்க நிக்கிறியள்?"

"ஓமந்தை கிட்டுதப்பா..."

"ஓமந்தையோ? மாங்குளம் எண்டல்லோ சொன்னியள்!"

"இந்த மனுசனுக்கு இப்பத்தான் கதைக்கக் கிடைச்சுதோ? வையடி போனை" எண்டு அம்மா சத்தம் போட, வான் முழுக்கச் சிரிப்பு.

எட்டாவதைத் திரும்ப முதல்ல இருந்து அனுப்பினம். அது வந்து திறந்தோடன அம்மா போனை என்ர கையில இருந்து வாங்கினவா... பிறகு தரேல்ல.

அந்தப் படத்தில, மாப்பிள்ளைத் தோழனா, அப்பாவுக்குப் பக்கத்தில ஒரு மெலிஞ்ச பெடியன் நிண்டான். மீசை இப்பத்தான் அரும்புது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிக்கிறான்.

"இதான் உன்ர ராசன் மாமா" எண்டா அம்மா.

அம்மான்ர தம்பி. நான் பிறக்க முதலே இல்லாமப் போனவர். பேர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அண்டைக்குத்தான் முகம் கண்டன். என்ர தம்பியை அப்பிடியே உரிச்சு வச்ச மாதிரி இருந்தார்.

கடைசிப் படம் வவுனியா பஸ் ஸ்ராண்டில, வான் நிண்டாப் பிறகுதான் முடிஞ்சது. பதினொண்டும் வந்திட்டுது! அண்ணை ஹோர்ன் அடிச்சு எங்களுக்குக் கை காட்டிட்டுப் போனார். பஸ்ஸில திரும்பி வரேக்க, பற்றறி முடிஞ்சிடுமெண்டு ஒருத்தரும் போனைத் திறக்கேல்ல. ஆனா அம்மா அதை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு வந்தவா.

வீட்டுக்கு வந்து சார்ஜில போட்டு அப்பாட்டக் காட்டினம். பெருவிரல் அளவு ஸ்கிரீன். அப்பா கனநேரம் பார்த்திட்டு, "நான் இவ்வளவு வடிவோ?" எண்டார்.

இப்ப நான் வவுனியாவில வேலை. போனைப் போனுக்குக் கிட்டப் பிடிச்சா ஒரு நிமிசத்தில நூறு படம் வந்திடுது. போன மாதம் சுகந்தி அக்கான்ர மூத்தவளுக்குக் கலியாணம். எனக்கும் அம்மாவுக்கும் அறுநூறு படம் அனுப்பினவா. வாசலில செருப்பைக் கழட்ட முதலே எல்லாம் வந்து இறங்கிட்டுது. நான் ஒரு இருவது படம் தட்டிப் பார்த்திட்டு போனை வச்சிட்டன்.

அம்மா அறுநூறையும் பார்த்தவா. ரெண்டு நாள் எடுத்தது. பார்த்து முடிச்சிட்டு எனக்கு கோல் எடுத்து, "பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, கலியாணப் பொம்பிளைக்குப் பின்னால நிண்டு அழுற பிள்ளை ஆரடி?" எண்டு கேட்டா.

எனக்குத் தெரியேல்ல... நான் அந்தப் படம் வரைக்கும் போகவே இல்லை.