கூட்டேரிப்பட்டு போர்டில் என் முகம்

குழந்தை சிரிக்கிற பேனரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். இந்தத் தொழிலில் இருக்கிறவள் இப்படிச் சொல்லக் கூடாதுதான். விழுப்புரத்தில் ஒரு மாடி அறையில் நானும் இரண்டு நண்பர்களும் நடத்துகிற டிசைன் ஸ்டுடியோவுக்குச் சோறு போடுவதே சிரிக்கிற முகங்கள்தான். போன மாதம் கண்டாச்சிபுரத்துச் செக்குக்காரர் ஒருவருக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய் லேபிள் செய்தோம். அதில் ஒரு பாப்பா சிரித்தது. கெடார் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழா அழைப்பிதழ். அதில் சிறகு வைத்த பாப்பா சிரித்தது. இந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத்தின் அட்மிஷன் பேனர். நண்பன் விலைக்கு வாங்குகிற படங்களிலிருந்து ஒவ்வொரு குழந்தையாகத் திரையில் காட்டினான். இதற்கு நெற்றி பெரிசு, அதற்குச் சிரிப்பு போலி என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவன் மவுஸைத் தூக்கி வைத்துவிட்டான்.

"இன்னாடி உன் பிரச்சன? கொழந்தைங்க மேல பொறாமையா?"

அவன் விளையாட்டுக்குக் கேட்டான். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் சின்னவளாக இருந்தபோது எங்கள் ஸ்டுடியோ திண்டிவனத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே கடை, மேலே வீடு. பெயருக்கு அப்பா முதலாளி. ஆனால் டிசைன் செய்வது அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவள் தன் மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அத்தையின் கணவர் எங்கோ வண்டி ஓட்டுகிறார் என்று மட்டும் பெரியவர்கள் சொல்வார்கள்; அதற்கு மேல் கேட்டால் "போய்ப் படி" என்பார்கள். அத்தையின் கல்யாண போட்டோ ஒன்று மாடியில் மாட்டியிருந்தது. படத்திலிருந்து யாரை வேண்டுமானாலும் வெட்டி எடுக்கத் தெரிந்த அப்பா அதிலும் கைவரிசையைக் காட்டியிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு தோள்பட்டை மட்டும் மிச்சம்.

அத்தை மகள் என்னைவிட எட்டு மாதம் சின்னவள். ஒரே வகுப்பு, ஒரே தட்டில் சாப்பாடு. சண்டையெல்லாம் கிடையாது. அவள் முகம்தான் எனக்கு ஆகாது.

காரணம் இருக்கிறது. எங்கள் கடையில் கல்யாண பேனர், காதுகுத்து பேனர், மஞ்சள் நீராட்டு பேனர் என்று எது வந்தாலும் அத்தைக்கு முதல் வேலை தலைகளை அளப்பது. தாய்மாமன் தலை பெரியப்பா தலையைவிடச் சிறுத்துவிட்டால் மாமன் பந்தியில் உட்கார மாட்டார். மாப்பிள்ளையின் தோழர்கள் வரிசையாக நின்றால் எல்லார் தலையும் ஒரே அளவு. ஒருமுறை ஒரு தோழர் கட்டைவிரலைத் திரையில் வைத்து அளந்து, "அவன் காது என் காதவிடப் பெருசா இருக்குதுக்கா" என்று நியாயம் கேட்டார். அத்தை அவர் காதை ஒரு இழுப்பு இழுத்து அனுப்பினாள், திரையில்தான். இதையெல்லாம் பார்த்து வளர்ந்ததால் எனக்கு ஒரு கணக்கு மனதில் பதிந்துவிட்டது: யார் முகம் பெரிதோ, அவர்மேல்தான் பாசம் அதிகம்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் எங்கள் வீட்டில் பாசம் முழுக்க அத்தை மகள்மேல்தான் இருந்தது. விழுப்புரம் போகிற ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம் ஒவ்வொரு கோடையிலும் எங்களிடம் அட்மிஷன் பேனர் போட்டது. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ரோடு நெடுகக் கட்டுவார்கள். எல்லாவற்றிலும் அத்தை மகள் சிரிப்பாள், ஆள் உயரத்துக்கு. அத்தையே போட்டோ எடுப்பாள், அத்தையே டிசைன் செய்வாள், கட்டப் போகிற அப்பாவிடம் அத்தையே சொல்லியும் அனுப்புவாள்.

"வண்டி வர்ற பக்கம் பாத்துக் கட்டுண்ணா. மரம் மறைக்கப் போவுது."

ஏன் என் முகம் இல்லை என்று முதல் வருஷமே கேட்டேன். "உனக்குப் பல்லு வரிசையா இல்லம்மா" என்றார் அப்பா. சரி, நியாயம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷம் அத்தை மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்து வாய் குகை மாதிரி இருந்தது. இந்த முறை நான்தான் என்று தலைக்கு எண்ணெய் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அத்தை அந்தப் பொக்கை வாயையே போட்டாள். பள்ளிக்கூடத்து ஆள் வந்து, "இன்னாம்மா இது, பல்லு இல்லாத கொழந்தையப் போட்டுக்கினு" என்று இழுத்தார். "கொழந்தைன்னா பல்லு விழாதா சார்? இதான் நிஜம்" என்று அத்தை அடித்துப் பேசினாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கண்ணாடி போட்டார்கள். பேனரிலும் கண்ணாடி. பல்லும் இல்லை, பார்வையும் இல்லை, ஆனாலும் ரோடு முழுக்க அவள்தான். முதலாளியின் மகள் நான் கடை வாசல் பேனரில்கூட இல்லை. அழுதால் ஐஸ் வாங்கித் தருவார்கள். ஐஸைத் தின்றுகொண்டே அழுவேன்.

அதற்கு அடுத்த கோடையில் அத்தை மகளுக்கு அம்மை போட்டது.

வாசலில் வேப்பிலை செருகினார்கள். அத்தை மாடியிலேயே மகள் பக்கத்தில் இருந்தாள். கீழே வந்து கம்ப்யூட்டரைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்து ஆள் ஜல்தி ஜல்தி என்று பறந்தார். அப்பா தலையைச் சொறிந்தார். நான் அவர் எதிரில் போய், கூப்பிடாமலே, நின்றேன். வேறு வழியில்லாமல் நீலச் சுவர் ஓரம் என்னை நிறுத்தி, "வாய மூடிக்கினு சிரி" என்றார். அது எப்படி என்று தெரியாமலே சிரித்தேன்.

விஷயம் மாடிக்கு எட்டிவிட்டது. படிக்கட்டில் பாதி வரை இறங்கி வந்து அத்தை கேட்டாள்: "போன வருஷத்து பாப்பா போட்டோவ போடக் கூடாதாண்ணா?"

"புது மூஞ்சிதான் வேணுன்னுட்டாரும்மா அவரு."

"கூட்டேரிப்பட்டுக்கு மட்டுமாச்சும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்திருக்கிறாள், இந்த அத்தைக்கு அப்போதும் பேனர் ஆசை விடவில்லையே! அப்பா கேமராவை எடுத்து உள்ளே வைத்தார். அத்தை மேலே போனாள். நான் வெற்றி பெற்றேன்.

டிசைனை அப்பாவே செய்தார். அத்தையின் கை அவருக்கு வராது. வெட்டியதில் என் ஒரு காது போய்விட்டது; கழுத்து, பானைமேல் தலையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. ஆள் உயரத்துக்கு நான். அது போதும்.

பேனர் கட்டின மறுநாளே அதைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவைப் பிடுங்கி எடுத்தேன். பிளெக்ஸ் அடிக்கிற மெஷின் விழுப்புரத்தில்தான்; பென் டிரைவில் டிசைனை எடுத்துக்கொண்டு அப்பா அடிக்கடி பஸ்ஸில் போவார். "சரி வா" என்றார். பஸ் ஸ்டாண்டில் பச்சை நிறத் தனியார் பஸ் ஒன்று காலியாக நின்றது. அப்பா அதில் மட்டும் ஏற மாட்டார். எப்போதும் அப்படித்தான், ஜன்னல் சீட்டே கிடைத்தாலும் "இதுல வேணாம், அடுத்ததுல போலாம்" என்பார். அன்றைக்கும் அதையே சொன்னார். நான் பஸ் ஸ்டாண்ட் தரையில் உட்கார்ந்து கத்த ஆரம்பித்தேன். என் முகம் அங்கே வெயிலில் காத்துக்கொண்டிருக்கிறது, இவர் அடுத்த பஸ் என்கிறார்!

அப்பா என்னைப் பார்த்தார், பச்சை பஸ்ஸைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பின்பக்க வாசல் வழியாக என்னைத் தூக்கி ஏற்றி, கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

கூட்டேரிப்பட்டு வந்தது. தூரத்திலேயே தெரிந்தது நீலக் கலர். நான் சீட்டின்மேல் ஏறி நின்று, "அப்பா, நானு! நானு!" என்று கத்தினேன். அந்த நேரத்தில் பஸ் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. ஸ்டாப் இன்னும் தள்ளி இருந்தது. வழியில் ஏறி முன்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"இன்னாய்யா, நட்ட நடு ரோட்டுல!" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். கண்டக்டர் முன்னால் ஓடி, "அண்ணே, இன்னா ஆச்சு? எதுனா குறுக்க வந்துடிச்சா?" என்றார்.

எதுவும் குறுக்கே வரவில்லை. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, என் பேனரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருஷத்தில் அத்தை மகள் முகத்துக்கு ஒரு சைக்கிளாவது நின்றிருக்குமா? என் முகத்துக்கு பஸ்ஸே நிற்கிறது! அப்பாவை இடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அந்த டிரைவர் எங்கள் கடைக்கு வந்தார். காக்கிச் சட்டை, கையில் ஒரு குலை இளநீர். வாசலில் செருகியிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"கூட்டேரிப்பட்டு போர்டு இங்க போட்டதுதானுங்களே?"

"ஆமாங்க" என்றார் அப்பா. நாற்காலியிலிருந்து எழுந்தும் எழாமலும் ஒரு மாதிரி நின்றார்.

"பாப்பாவ மாத்திட்டீங்களே." இளநீர்க் குலையைக் கை மாற்றிக்கொண்டார். "நேத்துலேர்ந்து வண்டி ஓட்ட முடியல. எதுனா… உடம்புக்கு எதுனா…"

"அம்மை போட்டிருக்குது. எறங்கிடிச்சி, ஒண்ணும் பயமில்ல. வெள்ளிக்கெழமை தண்ணி ஊத்தறோம்."

அவர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் தாங்கவில்லை. என்னைப் பார்த்துப் பஸ்ஸை நிறுத்திய மனிதர், என் ரசிகர், வந்ததும் விசாரிப்பது அவளையா? நேராக அவர் முன்னால் போய், "அந்த போர்டுல இருக்கறது நான்தான்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "நீயா? எவ்ளோ வளந்துட்ட! நல்லாத்தான் இருந்துது" என்றார். அந்த இழுப்பே எனக்குப் பிடிக்கவில்லை. நான் வளர்ந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிற பொறுமையும் எனக்கு இல்லை.

அப்பா கம்ப்யூட்டர் திரையை வாசல் பக்கம் திருப்பி, பழைய பேனர்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். கடைக்கு வருகிற யாருக்கும் அப்படிக் காட்டியதில்லை.

"இது விக்கிரவாண்டில கட்டினது. பல்லு விழுந்துட்டு இருந்துச்சே, அந்த வருஷம்" என்றார் டிரைவர். "இது முண்டியம்பாக்கம். காத்துல ஒரு பக்கம் அவுந்து தொங்கிக்கினு இருந்துது. நான்தான் வண்டிய நிறுத்திட்டு எறங்கிப் போயி கட்டனேன்." கண்ணாடி போட்ட படம் வந்ததும், "கண்ணாடி அப்ப போட்டதா, இல்ல முன்னாடியேவா? தலவலி எதுனா இருந்துதா?" என்று கேட்டார். அத்தனையும் அவள். ஒவ்வொரு படம் திறக்கும்போதும் எனக்குள் ஒரு மிளகாய் வெடித்தது.

அவர் யார் என்று எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. போட்டோவில் தோள்பட்டை மட்டும் மிச்சமிருந்தவருக்கு ஒரு முகம் உண்டு என்பதே எனக்குத் தோன்றியதில்லை. ஏதோ ஒரு சண்டையில், "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று அவர் சொல்லிவிட்டாராம். அத்தையும் ரோஷக்காரி, முழிக்கவே இல்லை. தன் முகத்தை அவருக்குக் காட்டாமல், அவர் தினமும் பச்சை பஸ்ஸை ஓட்டிப் போகிற ரோட்டில், வண்டி வருகிற பக்கம் பார்த்து, மகள் முகத்தை மட்டும் வருஷா வருஷம் கட்டினாள். பல் விழுந்ததை, கண்ணாடி போட்டதை, உயரம் கூடியதை எல்லாம் அவருக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பினாள். இதெல்லாம் வளர்ந்த பிறகு நானாக ஒட்டவைத்துத் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவமானம். புகார் சொல்ல மாடிக்கு ஓடினேன். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் அத்தை சுவரில் சாய்ந்து நின்றாள். கையில் வேப்பங்கொத்து. கீழே பேசுவது முழுக்க அங்கே கேட்கும்.

"அத்த, அந்த ஆளு என் போட்டோவ ஒழுங்காவே பாக்கல. பாப்பா பாப்பான்னே இருக்காரு. என்னுது அவ்ளோ மோசமாவா இருக்குது?"

அத்தை குனிந்து என் முகத்தைப் பிடித்தாள். அப்பா வெட்டிவிட்ட அந்தக் காதைத் தடவினாள். அவள் கண்ணெல்லாம் தண்ணீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம கடையில போட்ட போர்டுலயே உன்னுதாண்டீ நல்ல போர்டு."

"பாப்பா போர்டவிடவா?"

"பாப்பா போர்டவிட."

அது போதும் எனக்கு. கீழே இறங்கிப் போகிற அத்தையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், நேராக அத்தை மகளிடம் ஓடினேன். வேப்பிலை பரப்பிய பாயில், முகமெல்லாம் காய்ந்த பொருக்கோடு படுத்திருந்தாள். வாசற்படியிலேயே நின்று, மூச்சிரைக்கச் சொன்னேன்.

"எல்லாத்துலயும் என் போர்டுதான் பெஸ்ட்டாம். உங்கம்மாவே சொல்லிட்டாங்க."

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தலையைத் தூக்கி, "கீழ யாரு வந்துருக்கறது?" என்றாள்.

"யாரோ டிரைவர். என் போட்டோவப் பாத்துட்டு வந்திருக்காரு" என்றேன்.