மூட்டை தூக்காத சார்

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எண்ணெய் ஆலையில் எனக்கு சூப்பர்வைசர் என்று பட்டம். சம்பளம் என்னவோ கூலிக்காரர் சம்பளம்தான். லாரி வந்தால் நானும் சட்டையைக் கழற்றிவிட்டு மூட்டை தூக்குவேன். ஆனாலும் அந்தப் பட்டத்தைக் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சடித்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள், காரணம் சொல்லாமல் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

தொழிலாளர் கோர்ட்டுக்குப் போனேன். நிறுத்தியது சரியா தவறா என்ற பேச்சே எழவில்லை. இவர் தொழிலாளியே இல்லை, மேற்பார்வை பார்த்தவர், இவர் வழக்கை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே கிடையாது என்றது ஆலைத் தரப்பு. அத்தாட்சியாக என் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார்கள். மஞ்சள் தடவி முதலாளி கையில் நானே கொடுத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

நான் மூட்டை தூக்கியதைப் பார்த்த ஒருவர் வந்து சொன்னால் போதும் என்றார் என் வக்கீல். ஆலையிலிருந்து யாரும் வரவில்லை. கடைவீதியில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள். அவர்களுக்கும் வயிறு இருக்கிறது, தெரியும். தெரிந்தும் எரிந்தது. வீட்டில் பேசினால் சண்டை, வெளியே பேச ஆளில்லை. கடைசியில், முன்பு என்னோடு மூட்டை ஏற்றிவிட்டு ஊரோடு போய்விட்ட முகையூர்க்காரர் ஒருவர் சம்மதித்தார். விசாரணை நாளன்று வெள்ளைச் சட்டையில், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

என்ன சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே, "இவரும் உங்கள மாதிரி மூட்டை தூக்குற ஆளுதானே?" என்றார்.

கூண்டில் நின்றவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் இப்டிப் பேசறீங்க? சாரு எதுக்கு மூட்டை தூக்கணும்? அவரு வாயத் தொறந்து சொன்னா நாங்க அம்மாம் பேரும் கேட்டுக்கினு செய்வோம்!"

நாலு பேர் முன்னால் என்னைத் தாழ்த்திப் பேச அவருக்கு நாக்கு வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், "உங்க மானத்த வுட்டுக் குடுக்கல, பாத்தீங்களா சார்?" என்றார். நல்லா சொன்னீங்க என்றேன். வேறு என்ன சொல்வது.

விசாரிக்க அதிகாரமில்லை என்றே தீர்ப்பானது. ஐகோர்ட்டில் மறுஆய்வு கேட்கலாம், ஆனால் உங்கள் சாட்சி சொன்னது பொய் என்று மனுவில் எழுத வேண்டியிருக்கும் என்றார் வக்கீல். எனக்காக வந்த ஒரே ஆள் அவர். பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மனு இன்னும் கிடக்கிறது. கேஸ் என்ன ஆயிற்று என்று போன் செய்து கேட்கிறவர் இன்றைக்கும் அவர் ஒருவர்தான். "இன்னொரு வாட்டி சொல்லணும்னாலும் கூப்புடுங்க சார், ஜல்தியா வந்துட்றேன்" என்கிறார். தேவைப்படாது என்கிறேன். மனுவில் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.